வாயில்லாச் சீவன்

நெருப்பெரிச்சல்
11.6.2006

மாமாவுக்கு, சித்ராதேவி எழுதுவது. நலம் என்று முதல் வரி எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுத மாட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கம்பெனியில் பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை பார்க்கிறவள் அல்லவா, அதையும் அப்படித்தான் பார்த்தேன். செவலை மாடு பதினான்கு இடத்தில் வருகிறது. நான் ஒரே இடத்தில், முகவரியில்.

வியாழக்கிழமை பூத்திலிருந்து உங்கள் செல்லுக்குக் கூப்பிட்டேன். எடுத்ததும், "ஏஞ்சாமி, முடியலயா கண்ணு?" என்றீர்கள். எப்படித் தெரிந்தது இவருக்கு என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, கேட்டது பக்கத்தில் நின்ற செவலையை! சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மாட்டைத் திட்டினேன். "நீ வாயிருக்கறவ, வேணுங்கறதக் கேட்டுக்குவ. இது வாயில்லாச் சீவன்" என்று வைத்துவிட்டீர்கள்.

பக்கத்து மேஜை பாண்டியம்மாளிடம் சொன்னேன். தேனிக்காரி, நக்கலுக்குக் கேட்கவா வேண்டும்? "மாடு என்னைக்காச்சும் மனுசி மேல பொறாமப்பட்டிருக்காடி? நாமதேன் மாட்டையும் சக்களத்தியா நெனப்போம். அதேன் நம்ம பொறப்பு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம், பொறாமைதான். அதன் கழுத்தைத் தடவும் கையை நினைத்தாலே வயிறு எரிகிறது.

மாட்டுக்கும் மனுசிக்கும் வாய்தான் வித்தியாசம் என்கிறீர்கள். செவலைக்கு வலித்தால் கத்திவிடுகிறது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைச் சொல்ல எந்த மாட்டுக்குத் தெரியும்? அது எனக்குத்தான் தெரிகிறது.

உங்கள் அய்யனுக்குக் கால் கட்டுப் பிரித்துவிட்டார்களா? வரப்பில் இன்னொரு தடவை வழுக்கிவிடப் போகிறார், கம்பை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரைப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் வருவதாக ஊருக்குப் போனீர்கள். நாற்பது நாள் ஆகிறது.

போகும் முன், செவலை கன்று போடும் நாளை நம் காலண்டரில் வட்டம் போட்டீர்களே. நர்சம்மா எனக்குச் சொன்ன தேதி அந்தக் காலண்டரில் இல்லை. அடுத்த வருடம், தை மாதம் வருகிறது. அதனால் சுவரிலேயே எழுதி வட்டம் போட்டிருக்கிறேன்.

இந்நேரம் கன்று பிறந்திருக்கும். தாயும் கன்றும் நன்றாக இருக்கட்டும், மனசாரத்தான் எழுதுகிறேன்.

இனி போன் செய்ய மாட்டேன். நானும் வாயில்லாச் சீவன்தான். நீங்களே வந்து, கழுத்தைத் தடவி, முடியலயா கண்ணு என்று என்னைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சித்ரா