கறுப்பாட்டுக் குட்டிகள் செத்த காரணம்

அன்பு மகளே,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிதான் ஓய்ந்திருக்கிறது, வாய் ஓயவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

மாமா ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய், அது போனில் சொல்லித் தீரும் சங்கதி இல்லை. எங்கள் ஆய்வகத்தில் மூன்று ஆட்டினங்களின் மரபணு வேறுபாட்டை ஆராய்கிறோம் அல்லவா, அதற்குக் கறுப்பு ஆடுகளின் ரத்தத்தை உன் மாமாவின் பட்டியில்தான் எடுத்தேன். கலப்பு வந்துவிடும் என்று வேறு மந்தைக் கிடாவை அவன் வாசல் பக்கமே விடமாட்டான். சில வருடமாகப் பிறக்கிற குட்டிகள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சாவதும், உன் அத்தைக்குப் பாலூட்டத் தெரியவில்லை, அவள் கை சரியில்லை என்று அவன் நாலு பேர் முன்னால் ஏசுவதும் உனக்குத் தெரியும். போன வருடம் பையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் போன பிறகும் குட்டிகள் செத்தன, அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

மரபணுவில் நாங்கள் பார்க்கும் அடையாளம் ஒவ்வொன்றும் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று இரண்டாக இருக்கும். மற்ற இரண்டு இனங்களில் அவை பலவிதமாக இருந்தன. தம்பியின் ஆடுகளிலோ பெரும்பாலும் இரண்டும் ஒன்றே, அத்தனையும் நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்ந்து பெருகிய மந்தை. என் கைப்பிசகோ என்று மறுபடியும் செய்தேன், அதேதான் வந்தது. குட்டிகள் நலிந்து பிறந்ததற்கு அதுதான் காரணம் என்று கால்நடை மருத்துவரும் சொல்லிவிட்டார்.

அவனிடம் இதைச் சொன்னதும் “உன் மெஷினுக்கு என்னக்கா தெரியும்” என்று எகிறினான். பிறகு கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு “அப்ப அவ மேல தப்பே இல்லையா” என்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டதே, கண்ணே. அவனை அழைத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். மன்னிச்சிரு என்று தலை குனிந்து நின்றான். அவள் கோபப்படவில்லை, “ஆட்டு ரத்தம் சொன்னாத்தான் நம்புவீங்களா, நான் சொன்னப்ப காது கேக்கலையா” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவன் யார் முன்னால் ஏசினானோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் தானே நடந்து போய், தப்பு என்னோடது என்று சொல்லிவிட்டு வந்தான். வேறு மந்தையிலிருந்து கிடா வாங்கி விட்டான். அந்தக் கிடாவுக்குப் பிறந்த முதல் இரண்டு குட்டிகளும் தாமாகவே எழுந்து பால் குடித்தன. தனி ஆளாகக் கொட்டகையைக் கூட்டுகிறான், வெட்கத்தில் யார் போனையும் எடுப்பதில்லை.

குட்டிகள் பிழைத்ததை அத்தையிடம் சொன்னேன். எந்த ஆடு ஈன்றது என்று கேட்டாள். அவள் இருந்தபோது குட்டிகளைச் சாகக்கொடுத்த அந்தக் காது கிழிந்த ஆடுதான் என்றேன், போனிலேயே விம்மி அழுதாள். திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ அவளுக்கு ஒருமுறை போன் செய், ஞாயம் எதுவும் பேசாதே, அவள் சொல்வதைக் கேள். குறையொன்றும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், கண்ணே.

உன் அம்மா