பெட்டியில் இருபத்து மூன்றாம் இடம்

திருச்சுழி
17-1-1993

அன்பு மகன் ஆஸ்டினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் உன்னைச் சுகத்தோடு வைத்திருப்பார் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன்.

இது நான் உனக்கு எழுதும் பதினான்காவது கடிதம். முந்தைய பதின்மூன்றையும் நீ படிக்கவில்லை என்று அம்மா சொன்னாள். சிறைக்கு வரும் கடிதங்களை அங்கே பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். அப்படியானால் நீ படிக்காவிட்டாலும் யாரோ ஓர் அதிகாரி படித்திருப்பார். பாவம், இங்கே மழை இல்லாததையும் என் மூட்டு வலியையும் அவர் பதின்மூன்று தடவை படிக்க நேர்ந்திருக்கிறது. இந்தக் கடிதத்தையாவது நீ படிக்க வேண்டும்.

அம்மா இந்த மாதம் மதுரைக்கு வர மாட்டாள். போன செவ்வாய்க்கிழமை உனக்குப் பனியன் வாங்கப் போனவள், பாளையம்பட்டியில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பில் முறிவு. அருப்புக்கோட்டையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் வந்து ஒத்தாசை செய்கிறாள். சமையல் என் பொறுப்பு. நேற்று நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏங்க, இதுல புளியத் தவிர வேற எதாவது போட்டீகளா?” என்று கேட்டாள். பேச்சு குறையவில்லை. அதை வைத்து நீ தைரியமாக இருக்கலாம்.

ஆனால் மார்ச் ஒன்பதாம் தேதி உனக்கு விடுதலை. உன்னை அழைத்துவர அம்மாதான் வருவதாக இருந்தது. இனி வருவதென்றால் நான்தான் வர வேண்டும். “அவுக வந்தா நான் மொகத்துல முழிக்க மாட்டேன், அப்பிடியே திருப்பூருக்குப் போயிருவேன்” என்று நீ போன வருடம் அம்மாவிடம் சொல்லி அனுப்பியதை நான் மறக்கவில்லை. அவள் படுத்திருக்கிற இந்த நிலையில் நீ வீட்டுக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் பதின்மூன்று கடிதங்களில் எழுதாததை இதில் எழுதுகிறேன்.

உன் வழக்கில் சாட்சி சொல்லப் போன அன்று காலையில் அம்மா எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். “இது மாதிரி ஊருல ஆயிரம் கத்தி இருக்கு, என்னுதான்னு தெரியலன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கி வந்துருங்க.” நம் வக்கீலும் அதைத்தான் சொன்னார். தேநீர்க் கடைச் சண்டையில் ராஜகுருவின் கையில் வெட்டு விழுந்தது உண்மை. கத்தி அவனுடையது, பிடுங்கும்போது பட்டுவிட்டது என்று நீ சொல்லியிருந்தாய். அதை மறுக்க அரசுத் தரப்பிடம் இருந்தது என் கத்திப் பெட்டி ஒன்றுதான். இந்தத் தாலுகாவிலேயே மடக்குக் கத்தி சேர்த்து, எண் போட்டு, நோட்டில் குறித்து வைக்கிற பைத்தியக்காரன் நான் ஒருவன்தானே. போலீஸில் விசாரித்தபோதுகூட, இது போல ஒன்று என்னிடம் இருந்தது என்று மட்டுமே சொல்லியிருந்தேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை.

அருப்புக்கோட்டை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அம்மாவின் வாக்கியத்தையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கத்தியைத் தூக்கிக் காட்டி, சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட இந்தக் கத்தி உங்களுடையதா என்று கேட்டார்.

நான் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும். ஐயா, அது பிளாஸ்டிக் இல்லை, அக்ரிலிக் என்றேன். சிவப்பு இல்லை, அரக்கு நிறம், நடுவில் பால் வெள்ளையில் ஒரு பட்டை ஓடும் என்றேன். மூன்று ஆணிகளில் கடைசி ஆணி மட்டும் செம்பு, பித்தளை ஆணி தளர்ந்துபோனதால் நானே மாற்றிப் போட்டேன் என்றேன். எண்பத்து மூன்றாம் வருடம் விருதுநகர்ப் பொருட்காட்சியில் வாங்கியது என்று, யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். நீதிபதி கத்தியை வாங்கித் திருப்பிக் கடைசி ஆணியைப் பார்த்தார். நம் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அப்போது நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு நல்ல பெயர். பெற்ற பிள்ளைக்காகக்கூடப் பொய் சொல்லாதவர் என்கிறார்கள். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டு, அதைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அப்பாவுக்குப் பிள்ளையைவிடச் சத்தியம் பெரிது என்று.

இல்லை ஆஸ்டின். அப்படியே நினைக்கட்டும் என்று இருந்துவிடுவது எனக்குக் கௌரவம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் சத்தியம் என் நினைவில் இல்லை. நீயும் இல்லை. அரசு வக்கீல் என் கத்தியைத் தப்பாகச் சொன்னார் என்பது மட்டும்தான் இருந்தது. அக்ரிலிக்கும் பிளாஸ்டிக் இனம்தான். முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு அது தெரியாதா? திருத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி கரும்பலகையில் சமன்பாட்டைத் தப்பாக எழுதியபோது வாய் திறக்காமல் நின்றவன் நான். அன்றைக்குத்தானா திறக்க வேண்டும்?

திருச்சுழி வந்து வீட்டுக் கதவைத் திறந்த பிறகு அம்மா, “கத்திக்குக் கலர் சொல்லத்தான் கோர்ட்டுக்குப் போனீகளா?” என்றாள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இருபத்து மூன்றாம் எண் கத்தி பெட்டியில் இல்லை என்பதைச் சண்டைக்கு இரண்டு வாரம் முன்பே கவனித்துவிட்டேன். நீ வேலை பார்த்த நூல் கடையில் சிப்பக் கயிறு அறுக்க நீ எடுத்துப் போயிருப்பாய் என்று நினைத்தேன். கேட்டால் கோபிப்பாயோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது உன் பையில் இருந்திருக்காது.

படித்தாயானால் ஒரு வரி எழுது. நான் வரலாமா, கூடாதா. எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு எழுது.

உன் அப்பா,
சா. செல்லத்துரை


திருச்சுழி
28-2-1993

அன்புள்ள ஆஸ்டினுக்கு,

அம்மாவுக்கு நீ எழுதிய கார்டு கிடைத்தது. அவளே இரண்டு தடவை உரக்கப் படித்தாள். அவள் உடம்பைப் பற்றி மூன்று வரி. கடைசியில், அந்தப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேள் என்று ஒரு வரி. வரலாமா கூடாதா என்பதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் நீ படித்துவிட்டாய் என்று தெரிந்தது. அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றிரவு தூங்கினேன்.

பெட்டி இருக்கிறது. நீ கேட்டதால் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

உனக்குப் போன கடிதத்தை எழுதி முடித்த மறுநாள் பாளையம்பட்டிக்குப் போய் ராஜகுருவைப் பார்த்தேன். இத்தனை நாள் போகத் தைரியம் இல்லை. தறியில் இருந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, ஆனாலும் நெய்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார், ஒக்காருங்க” என்றான். உட்கார்ந்தேன். அவனே அந்த விரல்களைத் தூக்கிக் காட்டி, “கத்திய நல்லாத்தான் தீட்டி வச்சிருந்தீக சார்” என்று சிரித்தான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

அவன் சொன்னது சரி. பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப் போடுகிற கத்திக்குக் கூர் எதற்கு? நான் நாற்பத்தெட்டையும் முகம் மழிக்கிற அளவுக்குத் தீட்டி வைத்திருந்தேன். பிடியின் அழகு மட்டும் போதாது, எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் என்று.

கண்மாயில் எறிந்துவிடலாம் என்று பையில் போட்டு எடுத்துப் போனேன். கண்மாயில் தண்ணீர் ஏது? தரையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் காலில் குத்தும். கிணறுகளும் அப்படித்தான். திரும்பக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு கத்தியாக எடுத்து, அலகைக் கருங்கல்லில் குறுக்காகத் தேய்த்து மழுக்கிக்கொண்டு வருகிறேன். கை வலிக்கிறது. ஒரே நாளில் முடித்துவிடலாம்தான், எனக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. இன்றோடு நாற்பத்தொன்று. ஆறு பாக்கி. கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மா ஆவுடைத்தாயிடம் சொல்கிறாள், “ஊரு ஒலகத்துல கூர் வரத் தீட்டுவாக, இவுக கூர் போகத் தீட்டுறாக.” நீ வரும்போது வெண்ணெய்கூட வெட்டாத கத்திகள்தான் பெட்டியில் இருக்கும். இருபத்து மூன்றாம் இடம் காலியாகவே இருக்கும். நீ வேண்டாம் என்றால் பெட்டியும் இருக்காது.

ஒன்பதாம் தேதி முதல் பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். சிறை வாசலுக்கு வந்து நிற்க மாட்டேன். ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில், அம்மா கட்டச் சொன்ன இட்லியோடு நிற்பேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் எனக்குப் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது என்பது உனக்குத் தெரியும். திருப்பூருக்குப் போக வேண்டுமென்றால் நீ என் முன்னாலேயே போகலாம், எனக்குத் தெரியாது. பார்த்தேன் என்று அம்மாவிடம் சொல்லவும் வழி இருக்காது. அதனால் உனக்குச் சங்கடம் வேண்டாம். உச்சிப் பொழுதுவரை நிற்கிறேன்.

வர மனமிருந்தால் நீதான் பக்கத்தில் வந்து ‘அப்பா’ என்று சொல்ல வேண்டும். அடையாளம் சொல்லும் வேலை இந்தத் தடவை உன்னுடையது.

அம்மா கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். நீ எந்தப் பக்கம் நடந்தாலும் கர்த்தர் உன்னோடு நடப்பாராக.

உன் அப்பா,
சா. செல்லத்துரை