கேரண்டி கொடுத்த மருந்து

மார்ச் 4

அன்புள்ள டாக்டர் மகளுக்கு,

நேற்று டயாலிசிஸ் நடுவில் என் கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்டது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி ஓட்டினார்கள். ஓடியது. நீ பயப்படாதே, உன் அம்மா பயந்து நர்ஸை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். குழாய் கழுத்தில் இருப்பதால் கை ரெண்டும் சும்மாதானே கிடக்கின்றன.

ஒரு சந்தோஷ சமாசாரம். குழாய் அடைக்காமலிருக்க நீ நடத்துகிற ஆராய்ச்சியில் இந்த ஆஸ்பத்திரியும் உண்டாம். போன மாதம் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை. ஆள் கிடைக்காமல் நீ தவிப்பதாகக் கேள்விப்பட்டு, என் வரிசையில் ஆறு பேரையும் பேசிச் சேர்த்துவிட்டேன். பஸ் கண்டக்டர் மட்டும் முரண்டு பிடித்தார். "அண்ணே, இது புது மருந்து. இனிமே அடைச்சா என் சட்டையைப் பிடிங்க" என்றேன். மடங்கிவிட்டார். டயர் விற்ற வாய் சும்மா இருக்குமா?

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

உங்களுக்குப் புது மருந்துதான் என்று யார் சொன்னது? டயாலிசிஸ் முடிந்ததும் அடைக்காமலிருக்கக் குழாய்க்குள் நிரப்பி வைப்பது பாதிப் பேருக்குப் பழைய மருந்து. யாருக்கு எது என்று நர்ஸுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு சரி என்றால்தான் அது சம்மதம். நீங்கள் கேரண்டி கொடுத்து வாங்கிய ஆறு கையெழுத்தும் செல்லாது. மேற்பார்வைக் குழுவுக்கு நானே எழுதிவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியையே நீக்கிவிடலாம் என்கிறார்கள். நீக்கினால் ஆள் போதாது. என் ஆராய்ச்சி அதோடு படுத்துவிடும்.

நீங்களும் விலக வேண்டும். நடத்துகிறவளின் அப்பாவே உள்ளே இருந்தால் முடிவை எவன் நம்புவான்? கழுத்துக் குழாய்க்குப் பதிலாகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். அடைப்பும் குறையும், கிருமியும் குறையும். கத்திக்கு இவ்வளவு பயமா?

மகள்

மார்ச் 15

அன்புள்ள மகளுக்கு,

திட்டினாய், வாங்கிக்கொண்டேன். ஆனால் உன் ஆராய்ச்சியை மூட விடமாட்டேன்.

மோசமான சரக்கு கைமாறிவிட்டால் நானே கடை கடையாகப் போய்த் திருப்பி எடுப்பேன். அப்படித்தான் நேற்று நாற்காலி நாற்காலியாகப் போனேன். "நான் அளந்தது பொய். புதுசு பழசைவிட மோசமாவும் இருக்கலாம். வேண்டாம்னா விலகிக்கலாம், வைத்தியத்துல ஒண்ணும் குறையாது" என்றேன்.

"உங்க பொண்ணுக்குமா தெரியாது?" என்றார் கண்டக்டர்.

"தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது. உங்களுக்குப் போய் இப்படி ஒரு பொண்ணா?"

அப்புறம் இங்குள்ள டாக்டர் என்னை வெளியே துரத்திவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். நாலு பேர் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். தையல்காரம்மா விலகிவிட்டார், பள்ளிக்கூட வாத்தியாரும். "பட்டது போதும்ப்பா" என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார் அந்தம்மா. வாயைத் திறக்காமல் நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் நான் விலகமாட்டேன். கத்திக்குப் பயந்தும் அல்ல. நீ வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. பகலும் ராத்திரியும் நோயாளி நம்பர்களைத்தான் பார்க்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதில் ஒரு நம்பராக இருந்துவிட்டுப் போகிறேன். விலக்க வேண்டுமானால் நேரில் வந்து விலக்கு. பதினைந்து நாள் தங்க வேண்டும்.

அப்பா

மார்ச் 21

அப்பா,

நாலு பேரிடமும் குழு நேரடியாகப் பேசியது. ஆஸ்பத்திரி நீடிக்கும், நீங்கள் விலகினால் மட்டும்.

என்னிடம் பேர் வராது, நம்பர்தான் வரும். உங்கள் நம்பர் எது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் எல்லா நம்பரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எழுதியதிலிருந்து தூக்கமில்லாமல். பத்து நாள் வருகிறேன். பேரம் வேண்டாம்.

மகள்

மார்ச் 25

அன்புள்ள மகளுக்கு,

பேரம் வேண்டாம் என்று சொல்வதும் பேரம்தான். ராத்திரி போனை எடுத்தாயே, அதில் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. நான் விலகுகிறேன். இதுவரை என்னிடம் எடுத்த கணக்கை ஆராய்ச்சியில் வைப்பதா நீக்குவதா என்பது குழு சொல்கிறபடி. வார்டில் மருந்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன். வியாழக்கிழமை இடது கையில் ஆபரேஷன். நீ புதன்கிழமையே வருகிறாய், டாக்டராக அல்ல. பன்னிரண்டு நாள்.

அப்பா