சிவப்பு மூலை

மே 4, திங்கள்

வெயில். திருச்செங்கோட்டு மலையே வியர்த்துக்கொண்டு நிற்பது மாதிரி. லீவு. செய்ய வேண்டியவை: தட்டச்சு வகுப்பு (போகவில்லை), மாவு அரைப்பது (நாளை), ஊர் வம்பு (முடிந்தது).

வம்பு இது. மாரியம்மன் நோம்பிக்குத் தெருப் பட்டிமன்றம். வருஷா வருஷம் மாமியாரா மருமகளா என்று ஊசிப்போன தலைப்பு. கமிட்டி அண்ணனிடம் சும்மாதான் சொன்னேன்: "எங்க மாமனை வைங்கண்ணா. அன்னைக்கு எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்பாரா, தோத்திருப்பாரா?" நோட்டீசே அடித்துவிட்டார்கள்!

மாமா செல்வராசு, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிப் பட்டறையில் வெல்டர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது குத்துச்சண்டை வீரர். மாநில அரையிறுதியில் ஜெயித்த அன்றே மயங்கி விழுந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு. இன்னொரு அடி தலையில் விழுந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றாராம் டாக்டர். இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. எதிராளி தனபாலுக்குச் சண்டையே போடாமல் பதக்கம், அதை வைத்து அரசு வேலை.

மாமா பற்றவைப்பது இரும்பை. நான் பற்றவைப்பது ஊரை.

மே 6, புதன்

அனல் காற்று. டீக்கடைக்கு வடை வாங்கப் போனேன். அங்கேயும் இதே பேச்சு.

"எறங்கியிருந்தா இந்நேரம் டெல்லியில பங்களாவுங்க."

"அட போங்க. தனபாலு ஒரே குத்துல படுக்க வெச்சிருப்பாப்ல."

மாமா அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே, செத்தவரைப் பற்றிப் பேசுவது மாதிரி. வழக்கமாகச் சிரிப்பார். இன்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் தப் தப் தப். கயிறு தாண்டுகிறார். "தொப்பைக்குங்க அம்மிணி." எந்தத் தொப்பை?

துவைக்கப் போட்ட மாமா சட்டைப் பையில் தலைவலி மாத்திரை அட்டை. காலி. அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 8, வெள்ளி

பட்டிமன்றம். நான் 'தோற்றிருப்பார்' அணி. குத்துச்சண்டை மேடையில் ஒருவருக்குச் சிவப்பு மூலை, மற்றவருக்கு நீலம். எதிரணி முழக்கம்: "சிவப்பு மூலையில் நின்ற ஒரு போட்டியிலும் எங்கள் அண்ணன் தோற்றதில்லை!" நான் எழுந்து, "மூலையிலேயே நின்னா யாருங்க தோப்பாங்க? நடுவுல வந்தாத்தானே அடி!" விசில். மாமாவும் சிரித்தார். பல் மட்டும்.

தீர்ப்பு. அவர் நடுவர் இல்லை, நழுவர். யாரையும் பகைக்க மனசில்லாமல், "தீர்ப்புச் சொல்ல நான் யாருங்க? அவரே சொல்லட்டும்" என்று மைக்கை மாமா கையில் கொடுத்துவிட்டார். சிறப்பு விருந்தினர் நாற்காலியில், பொன்னாடையோடு, தனபால்.

மாமா சொன்னது: "பேசிப் பேசி என்னங்க தெரியப்போவுது? தனபாலும் இங்கதான் இருக்காரு. ஞாயித்துக்கெழம மூணு ரவுண்டு. பாத்தர்லாங்க."

கைதட்டல் நிற்கவே இல்லை. அம்மா மட்டும் எழுந்து போய்விட்டாள். எனக்கு விக்கல்.

மே 9, சனி

புழுக்கம். மேகம் மலைமேல் உட்கார்ந்துகொண்டு பெய்யவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்கிறது.

தனபால் வந்தார். "வெளையாட்டுக்குத்தானுங்க்கா. தலையத் தொடவே மாட்டேன்."

"அவன் தலைய நீட்டுவானே, அப்ப?" என்றாள் அம்மா.

அவர் காபியைக் குடிக்காமல் போனார்.

அப்புறம் அம்மாவின் அழுகை, பழைய டாக்டர் சீட்டு, சத்தியம். மாமா அசையவில்லை. "இத்தன வருசமா ஊரே என்னையச் செத்த கணக்குல பேசுதுங்க்கா. ஒருக்கா உசுரோட எறங்கிப் பாத்தர்றேன்."

கடைசியில் அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவு. இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் இறங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. மாமா சரி என்றார். ஆத்தா சொன்னால் கேட்பார். அவருக்கு அவள் ஒருத்திதான் ரெஃப்ரீ.

பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. இரண்டிலும் செவ்வரளி. ஹி ஹி. இதுவரை செய்ததிலேயே உருப்படியான திருட்டுத்தனம். இன்றைக்குத் தூங்குவேன்.

மே 10, ஞாயிறு

காலை. பக்கத்து வீட்டுப் பாப்பா பொட்டலம் எடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

"வேண்டாங்குதுடா சாமி!" அம்மா விழுந்து கும்பிட்டாள்.

மாமா அந்தப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகமெல்லாம் வெளிச்சம். "இல்லீங்க்கா. செவப்பு மூலைல நின்னு நான் தோத்ததே இல்ல. ஆத்தாளே மூலை ஒதுக்கிக் குடுத்துட்டா."

மேடையில் நானே கிண்டலடித்த மூலை. எப்படி மறந்தேன்?

"மாமா, நான்தானுங்க வெச்சேன். ரெண்டுலயும் செவப்பு." மற்ற பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினேன்.

"அப்ப ஆத்தாளுக்கு மறுபேச்சே இல்லீங்க அம்மிணி." என் தலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாலை. அம்மா போகவில்லை, என்னையும் விடவில்லை. ஒலிபெருக்கி வீடு வரை கேட்கிறது. சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

முதல் ரவுண்டு முடிந்ததாம். "சிவப்பு மூலை பிரமாதம்!"

இரண்டு. செல்வராசு, செல்வராசு என்று ஊரே கத்துகிறது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள்.

மூன்று. மணி. கத்தல். இன்னும் கத்தல்.

நின்றுவிட்டது. ஒலிபெருக்கியும்.

அம்மா செருப்பில்லாமல் ஓடுகிறாள்.