மீகாத் என்று நான் சொன்னது

பெப்ரவரி 8

மக்காவில் உம்ரா முடிந்து வந்து நாலு நாள். பதுளை பசாரிலிருந்து இன்றும் ஆட்கள் வந்தார்கள், ஸம்ஸம் தண்ணீர் வாங்க. நான் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "புள்ள வெக்கப்படுது" என்று உம்மா சொன்னா. வெட்கம்தான். உம்மா சொன்ன வெட்கம் இல்லை.

பெப்ரவரி 9

எழுதிவிடுகிறேன். ஜித்தா போகிற ப்ளேனில் ஒரு அறிவிப்பு வந்தது, அரபியிலும் இங்கிலீஷிலும். "என்னவாம் மகள்?" என்று பக்கத்து வீட்டு லரீபா மாமி கேட்டா. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எங்கள் வரிசையில் இங்கிலீஷ் படித்தவள் நான்தான். விளங்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மீகாத் வருதாம்" என்றேன்.

மீகாத் எல்லையைத் தாண்டுமுன் முகம் கை கால் கழுவி வுளூ செய்து, உம்ரா செய்கிறேன் என்று மனதில் நிய்யத் வைக்க வேண்டும். மாமி வுளூ செய்யப் போக பெல்ட்டைக் கழற்றி எழும்பினா. ப்ளேன் சடாரென்று கீழே போனது. மாமி கூரையில் அடிபட்டு, சீட் கைப்பிடியில் விழுந்தா. தோள் எலும்பு உடைந்துவிட்டது.

அது பெல்ட் போடச் சொன்ன அறிவிப்பு.

மாமி கஃபாவைப் பார்க்காமலே ஜித்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தா. நான் பார்த்தேன்.

பெப்ரவரி 11

எங்களைக் கூட்டிப்போன அலவி ஹாஜியாரைத்தான் ஊரே ஏசுகிறது. அவர்தான் எழும்பச் சொன்னாராம். றமழான் உம்ராவுக்குப் பேர் கொடுத்தவர்கள் விலகுகிறார்களாம். தலையில் அடிபட்டதில் மாமிக்கு அந்த நேரம் ஒன்றும் நினைவில்லை.

பெப்ரவரி 12

உம்மாவிடம் சொன்னேன். உம்மாவுக்கு முதலே தெரியும். ப்ளேனில் என் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கா. "வாயப் பொத்திக்கிட்டு இரு. ஊர் வாய்ல என்ட புள்ளய விட மாட்டன்."

பெப்ரவரி 13

மாமியிடம் இன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 15

மாமி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். நாலைந்து பேர் இருந்தார்கள். "ஹாஜியாருக்கு மீகாத்தும் தெரியல்ல, ப்ளேனும் தெரியல்ல" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாமியும், தோளைப் பிடித்துக்கொண்டு.

அவர் சொல்லல்ல, நான்தான் சொன்னன், எனக்கு இங்கிலீஷ் விளங்கல்ல, தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு — எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ. சிரிப்பு நின்றது. மாமி என்னைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 16

உம்மா பேசவில்லை.

பெப்ரவரி 19

மாமியின் சின்ன மகள் றிப்கா வந்து கூப்பிட்டாள். மாமி முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தா. திரும்பாமலே சீப்பை நீட்டினா. கை தூக்க ஏலாது, றிப்காவுக்குப் பின்னத் தெரியாது. நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். சிக்கு பாதி எடுபடும்போது மாமி சொன்னா:

"ஹாஜியாருக்குப் போன் போட்டு மாப்புக் கேட்டுட்டன். நீயும் கேக்கணும்."

"ஓம் மாமி."

"நோகுது. மெல்ல இழு."