ஒரு ‘நைஸ்’ போட்டுவிட்டேன்

இன்று சாயங்காலம் கிரைண்டரை நிறுத்தி, உளுந்து மாவை விரலில் தேய்த்துப் பார்த்தேன். “நைஸா வந்துடுச்சு” என்று வாய் தானாகச் சொன்னது. சொன்னதும் நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

கல்லூரியில் எதைக் காட்டினாலும் நான் நைஸ் என்பேன். கேன்டீனில் ஒருநாள் நீ பொறுக்க முடியாமல் கேட்டாய்: “குத்த வர்றவன்கிட்டயும் கத்தி நைஸா இருக்குன்னு சொல்லுவியாடி?” மறுநாளே நூலகத்து அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து வந்தாய். லத்தீனில் அது ‘ஒன்றும் அறியாதவன்’. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது முட்டாள். பிறகு எதற்கும் முகம் சுளிப்பவன், பிறகு நுணுக்கமானது, கடைசியில்தான் இனிமையானது. “பாத்தியா, முட்டாளா இருந்ததை எப்படி நல்ல பிள்ளை ஆக்கிட்டாங்க!” என்று மேஜையைத் தட்டிச் சிரித்தாய்.

பூனா தாபோடியில் உங்கள் வீட்டுச் சமையலறையில் உன் அம்மா, “மாவு இன்னும் நைஸா ஆகணும்” என்றபோது, “அம்மா சொல்ற நுணுக்கம்தான் பழைய அர்த்தம், நாமதான் கெடுத்துட்டோம்” என்று கட்சி கட்டினாய். அவர் அசரவில்லை. “பேசிக்கிட்டே நைஸா நழுவாத. தேங்காயைத் துருவு.”

என் மகளை நீ பார்க்கவில்லை. அவள் பிறப்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாங்கள் இப்போது விமான் நகரில், ஆறாவது மாடியில். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாவ்ஷி வருகிறார். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. வேலைக்கு வரும் பெண்களை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

நேற்றுக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் புது விதி வந்தது. வேலைக்கு வருபவர்கள் பின்பக்க லிஃப்டில்தான் ஏற வேண்டும். வீட்டுக்காரர்களின் குழந்தையோ நாயோ உடன் இருந்தால் மட்டும் முன் லிஃப்ட். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். செயலாளர் அம்மா என் பெயரைப் போட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் வாடகைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மகள் விளையாடப் போவது அவர் பேத்தியோடு. முறைத்துக்கொண்டால் அவளை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். ‘நைஸ்’ என்று போட்டேன்.

இன்று காலை பின்பக்க லிஃப்ட் ஓடவில்லை. முட்டி வீங்கிய காலோடு மாவ்ஷி ஆறு மாடியும் ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“முன்னால இருக்கிற லிஃப்டுல வரலாமே?” என்றேன். எல்லாம் தெரிந்துகொண்டே.

“கையில பாப்பா இல்லையே தீதி” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். “வாட்ச்மேன் விடல. புது ரூலாம். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதே” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குழந்தையிடம் போனார். அவளும் கையை நீட்டித் தாவினாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பயத்தில் நைஸ் போட்டதையாவது உன்னிடம் சொல்லி அழுதிருப்பேன். இந்தத் ‘தெரியாதே’யை உன்னிடம்கூடச் சொல்ல நாக்கு கூசுகிறது.

சற்று முன் குழுவில் எழுதினேன்: நேற்று நான் சம்மதித்தது தப்பு. எங்கள் மாவ்ஷி, கையில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன் லிஃப்டில்தான் வருவார். பலர் படித்துவிட்டார்கள். யாரும் பதில் போடவில்லை.

அதைவிடக் கடினமானது காலையில் இருக்கிறது. மாவ்ஷி வரும் நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய் வாசலில் நிற்கப் போகிறேன். வாட்ச்மேன் முன்னால், மாவ்ஷியின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று முனகிப் பழகுகிறேன். “மலா மாஹித் ஹோத.” எனக்குத் தெரிந்திருந்தது, மாவ்ஷி. இத்தனை வருஷம் பூனாவில் இருந்தும் என் மராத்தி இன்னும் தடுமாறுகிறது. நீ இருந்தால் உச்சரிப்பைத் திருத்துவாய். பரவாயில்லை, தப்பும் தவறுமாகவே சொல்லிவிடுகிறேன்.