பாம்புக்கு முதல் கொள்ளி

அன்பான அப்பாவுக்கு,

வருகிற தை மாதம் வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். பஜனைக் குழுவில் உங்களுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "மகள்ங்கிற முறையில நீயும் ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். மாதிரிக்கு இருக்கட்டும் என்று மற்றவர்கள் எழுதியதையும் கொடுத்துவிட்டுப் போனார். மேலநீலிதநல்லூர் ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.

பொய் ஒன்றும் இல்லை. உங்கள் பலசரக்குக் கடைத் தராசில் யாருக்கும் ஒரு மிளகு குறைந்ததில்லை. கடன் கேட்டு வந்தவரை நீங்கள் முகம் சுளித்து அனுப்பியதில்லை. கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாளே, அந்த வலியில் நமக்கும் ஒரு பங்கு வேண்டாமா என்று ஆடி மாதம் முழுக்கக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். உள்ளங்கால் கொப்புளித்துவிடும். அதற்கு எண்ணெய் போட்டுவிடுவது என் வேலை.

ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. 'அறியாமல் பெரும்பாவம் செய்துவிட்ட துணைவியாரையும் கடிந்து ஒரு சொல் பேசாமல் நல்வழிக்குக் கொண்டுவந்த பொறுமைசாலி.' துணைவியார் என்றால் அம்மா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மலர் வெளியீட்டு விழாவில் அதை மைக்கில் வாசிப்பார்கள், அவளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு. அது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி வந்த வருஷம். ஆடித்தபசு நெருங்கி ஊரெல்லாம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் அம்மா அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமார்க் குச்சி எடுத்துவரச் சொன்னாள். தம்பி சங்கரன் கொல்லைப்பக்கம் ஓடினான். ஏழு வயசு அவனுக்கு. பருத்திமார்க் கட்டுக்குள் இருந்த நல்ல பாம்பு அவன் கணுக்காலில் கொத்திவிட்டது. அவன் கத்தின கத்தலில் அம்மா உலக்கையோடு ஓடினாள். ஒரே போடு. அப்புறம் சேலையைக் கிழித்து அவன் காலில் கட்டினாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வரவும், கோயில் சுற்றிவிட்டு நீங்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

அப்பா, நீங்கள் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா சொல்லி முடிப்பதற்குள் கொல்லைக்குப் போனீர்கள். நசுங்கிக் கிடந்ததைக் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட. அம்மன் பிள்ளைய அடிச்சிட்டியே."

"நம்ம பிள்ளையக் கடிச்சிட்டுல்லா. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

"ஆஸ்பத்திரியில என்ன செய்வான்? அதுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம வெசம் எறங்காது."

நம் ஊரில் பாம்பை அடிக்கமாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. கோயிலுக்குள்ளேயே புற்று இருக்கிறது, அந்த மண்தான் பிரசாதம். தேள், பாம்பு எது கடித்தாலும் அந்த மண்ணைக் கரைத்துக் குடித்து, தகட்டில் பாம்பு உரு வாங்கி உண்டியலில் போட்டு வேண்டிக்கொள்வார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் சண்டை இல்லை. நீங்கள் புற்றுமண்ணைக் கரைத்துத் தம்பி வாயில் ஊற்றினீர்கள். காலிலும் பூசினீர்கள். அதோடு வண்டி பிடித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

நீங்கள் கடைக்குப் போனீர்கள். சந்தனக்கட்டையும் நெய்யும் எடுத்து வந்தீர்கள். புது வேட்டி ஒன்றைக் கிழித்தீர்கள். பாம்பின் வாயில் பால் விட்டு, காசு வைத்து, வேட்டித் துண்டில் சுற்றி, கொல்லையில் குழி வெட்டிச் சிதை அடுக்கினீர்கள். ஒவ்வொன்றையும் முறைப்படி செய்தீர்கள், ஒன்றையும் அவசரமாகச் செய்யவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுச் செல்லையா மாமா வந்துவிட்டார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். குடிகாரர், பொண்டாட்டியை அடிக்கிறவர். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று எங்களுக்கு நீங்கள் சட்டம் போட்டிருந்தீர்கள்.

"அண்ணாச்சி, பிள்ளையத் தாங்க. வண்டி வாசல்ல நிக்கு. இந்தா போயிருதேன்."

"குடிச்ச வாயோட இங்கன வராதவே. காரியம் நடக்கு."

"ராத்திரி குடிச்சது அண்ணாச்சி. இப்பத் தெளிவாத்தான் இருக்கேன்."

"வெளிய நில்லும்."

அவர் வெளியே நின்றார். கார் இஞ்சினை அணைக்கவில்லை, அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தம்பி பாயில் கிடந்தான். அம்மா மடியில் தலை. "அக்கா, நீ ரெண்டு பேராத் தெரியுத" என்றான். கொஞ்ச நேரத்தில் "நாக்கு தடிக்கி" என்றான். நான் ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் நெய் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். "இருக்கச் சொல்லு மக்கா, முடியப்போவுது" என்றீர்கள். திரும்பிப் போனால் அவன் இமை இரண்டும் இறங்கிவிட்டது. அதையும் வந்து சொன்னேன். "தூங்குதானா? அம்மன் மனசு எறங்கிட்டா" என்று கும்பிட்டீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது உங்களுக்கு. நிஜமாகவே சந்தோஷப்பட்டீர்கள். இத்தனை வருஷத்தில் என்னால் மன்னிக்க முடியாதது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

பாம்புக்குக் கொள்ளி வைத்தீர்கள். தீட்டோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்று கிணற்றடிக்குத் தலைமுழுகப் போனீர்கள். நீங்கள் வாளியை இறக்கும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்தாள். தம்பியை வாரிக்கொண்டு போய்க் காரில் போட்டாள். அவள் செய்த இரண்டாவது பாவம் அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்பக் கடிச்சுது?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் போர்வையை இழுத்துத் தம்பியின் முகத்தை மூடினார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "அவள ஒண்ணும் சொல்லாதிய. பாவம், தெரியாமச் செஞ்சுட்டா." மெதுவான குரலில் சொல்வீர்கள். நீங்கள் அவளை அடித்திருந்தால்கூட யாராவது ஒருவர் அவள் பக்கம் நின்றிருப்பார்கள். உங்கள் பொறுமைக்கு முன்னால் அவளுக்கு நாதியில்லாமல் போயிற்று. பெற்ற பிள்ளையைப் பாம்புக்குக் கொடுத்தவள் என்று ஊரே அவளைப் பார்த்தது. பூஜையறை விளக்கை ஏற்றக்கூடாது, நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது, திங்கள்தோறும் அம்மன் சன்னதியில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆடிக்கு ஆடி உண்டியலில் வெள்ளிப் பாம்பு உரு போட வேண்டும். எல்லாம் நீங்கள் அன்பாகச் சொன்னவை. அவள் எல்லாவற்றையும் செய்தாள், நீங்கள் கண்ணை மூடுகிறவரை.

ஒரு சந்தேகம் கேட்கிறேன் அப்பா. அந்தப் பாம்பு ஓடிப் போயிருந்தால், யாரும் அடிக்காமல் விட்டிருந்தால், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பீர்களா? தனியாக இருக்கும்போது ஒரு நாளாவது இதை நினைத்துப் பார்த்தீர்களா?

கடைசியில் உங்களுக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. அம்மாதான் ஊட்டினாள், பீ மூத்திரம் அள்ளினாள். தெருவில் ஒருத்தி என் காதில் வந்து, "பாத்தியா, சாமி கேட்டுட்டு" என்றாள். அவளை வாசலோடு அனுப்பிவிட்டேன். நோயைத் தண்டனை என்பது உங்கள் கணக்கு. அந்தக் கணக்கில்தான் என் தம்பி போனான். அதை உங்களுக்கே போட்டுப் பார்க்கிற ஆசை எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் போடமாட்டேன்.

நான் சாமி கும்பிடுவதை விட்டுவிடவில்லை. புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். மண் யாரையும் கொல்லவில்லை. சன்னதியில் நின்று நல்லது எது, கெட்டது எது என்று நானே கேட்டுப் பார்ப்பேன். செல்லையா மாமா இன்னும் கெட்டவர்தான், போன வாரம்கூட அத்தை கன்னம் வீங்கியிருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் கண் பிள்ளையைப் பார்த்தது. உங்கள் கண் உங்கள் புண்ணியத்தைப் பார்த்தது. எனக்குத் தெரிந்த வேதாந்தம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு மனிதர்களை எடைபோட முடியுமா என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒரு சேதி. நீங்கள் போன பிறகும் அம்மா திங்கள்கிழமை கோயிலுக்குக் கிளம்பினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னும் எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கப் போற?" என்றேன்.

"மன்னிப்பா? யாரு கேட்டா?"

"வருசா வருசம் பாம்பு வாங்கிப் போட்டியே."

"உங்க அப்பா வாங்கிக் குடுத்தாவ, போட்டேன். அம்மன்கிட்ட நான் சொன்னது வேற. 'ஆயிரந்தடவ வந்தாலும் அடிப்பேன் தாயி. தப்புன்னா என் கைய மொடக்கிப் போடு'ன்னு சொல்லுவேன். சொல்லிட்டு நின்னு பாப்பேன். அவ ஒண்ணும் செய்யல. சரி, நம்ம பக்கம்தான் இருக்கான்னு வந்துருவேன்."

பத்து வருஷம், அப்பா. நீங்கள் பக்கத்தில் நின்று கண்ணை மூடி அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் உங்கள் தோளை இடித்துக்கொண்டு அம்மனோடு ராசியாக இருந்திருக்கிறாள். உங்களிடம் அவள் சொல்லவே இல்லை. சொல்லத் தகுந்த ஆளாக உங்களை நினைக்கவில்லை போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தை மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் விழா மேடையில் நானே வாசிக்கப்போகிறேன். அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அழுது தீர்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாசி. ஆனா ரொம்ப வையாத. அவுக கெட்டவுக இல்லட்டி. கெட்டவுகளா இருந்திருந்தா அன்னைக்கு எதுத்துக்கிட்டுப் போயிருப்பேன். நல்லவுகளா இருந்துட்டாவ, நானும் நம்பிட்டேன்" என்றாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் உண்டாகியிருக்கிறேன், மாசி கடைசியில் பிரசவம். ஆண் பிள்ளை இல்லாத வீடு, பிறப்பது பேரன் என்றால் தாத்தா பேர்தான் என்று பஜனைக் குழுவில் முடிவே செய்துவிட்டார்கள். என் மாமனார் மாமியாருக்கும் பூரண சம்மதம். உங்களைப் போல ஒரு நல்லவரின் பெயர் கிடைக்க அந்தப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம்.

அப்பா, உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். வருஷம் தவறாமல் உங்களுக்குத் திதி கொடுக்க ஏற்பாடு செய்வேன். உங்கள் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூப் போடுவேன். ஆனால் என் பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்கமாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி அம்மா ஒரு பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைக்கும்படி விடமாட்டேன்.

இப்படிக்கு,
சங்கரனின் அக்கா